பதினான்கு ரீலும் ஒரு சிரிப்பும்

1969 ஜூலை 18, வெள்ளிக்கிழமை, ஆடி 3. காலை 6.10க்கு எழுந்தேன். குளியல். பழையது, மோர்மிளகாய். 8.40க்குத் தியேட்டர். 9.05க்குச் சென்னை பஸ்ஸில் படப்பெட்டிகள் இரண்டு வந்தன. ஒன்றின் தாழ்ப்பாள் விட்டிருந்தது, கம்பியால் கட்டினேன். பதினான்கு ரீல், புதுப் பிரதி. ஒவ்வொன்றையும் சுற்றுமேசையில் மாட்டி, இடது கை விரல்களுக்கு நடுவே ஓடவிட்டுப் பார்த்தேன். பிலிமின் ஓரத்துளை கிழிந்த இடம் இரண்டு. சரிசெய்தேன். 12.30க்கு ஓட்டலில் சாப்பாடு. வனஜா ஊரில் இல்லை. 6.30 முதல் காட்சி. 10.00 இரண்டாம் காட்சி. இயந்திர விளக்குக்குக் கார்பன் குச்சி செலவு: ஆறு ஜோடி. சிரித்தவர்கள்: இல்லை.

இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய என் நாட்குறிப்பில் உள்ளபடியே இதை எடுத்து எழுதியிருக்கிறேன். போன மாதம் நான் ஓய்வு பெற்றேன். அதே வாரம் தியேட்டரில் புது இயந்திரம் வந்து இறங்கியது. முழுப் படத்தையும் ஒரே தட்டில் சுற்றி வைத்துவிட்டு ஆபரேட்டர் கீழே போய் டீ குடித்துவிட்டு வரலாமாம். அதை மாட்ட வந்தவர்கள், "சார், உங்க சர்வீஸ்ல ஓட்டறதுக்கு ரொம்பக் கஷ்டமான படம் எது?" என்று கேட்டார்கள். யானைப்படையும் தீப்பந்தமும் வருகிற புராணப்படம் எதையாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். புதுமணத் தம்பதியைப் பற்றிய ஒரு நகைச்சுவைப் படம் என்றேன். மரியாதைக்குத் தலையாட்டினார்களே தவிர நம்பவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எடுத்தவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.

நான் தொழில் கற்ற கதை சிறியது. காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையில் கீற்றுக் கொட்டகை போட்டிருந்த டூரிங் டாக்கீஸில் மூன்று வருஷம் ரீல் சுற்றினேன். இரண்டு முறை கை சுட்டது, ஒரு முறை புருவம் கருகியது. சென்னையில் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, 1966இல் பெரிய காஞ்சிபுரத்துத் தியேட்டரில் சேர்ந்தேன்.

அங்கே மேனேஜர் நாதமுனி. ஐம்பது வயது, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மேல்பையில் ஏலக்காய். அவர் எதையும் வாயால் உத்தரவிட்டு நான் கேட்டதில்லை. தீர்ந்துபோன டிக்கெட் புத்தக அட்டைகளைச் சீட்டாக நறுக்கி வைத்துக்கொண்டு, பென்சிலால் எழுதிக் கொடுத்தனுப்புவார். "ஒலி சற்றுக் குறையலாமா?" "இடைவேளை ஒரு நிமிடம் முந்தியது. கவனத்துக்கு." கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதையும் ஏறும். சாதாரண நாளில் நான் 'ஆபரேட்டர்'. சிறு தவறு செய்தால் 'ஆபரேட்டர் சார்'. பெரிய தவறு என்றால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, 'ஐயா' என்று ஆரம்பிப்பார். ஐந்தாம் ரீலுக்குப் பின் ஏழாம் ரீலை ஓட்டியதற்காக ஒரு முறை அந்த 'ஐயா'வை வாங்கியிருக்கிறேன். கூட்டம் அதைக் கவனிக்கவே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அது படத்தின் குறை, ஐயா. நாம் பேசுவது நம் குறையை" என்றார்.

1969 வைகாசியில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண்ணின் ஊர் மாகறல், பெயர் வனஜா. மாமனார் ராஜவேலுவுக்கு ஊரில் நிலம், இரண்டு ஜோடி மாடு. மாப்பிள்ளைக்கு 'மெஷின் ஆபரேட்டர்' வேலை என்று தரகர் சொல்லியிருந்தார். மாமனார் அதை நூற்பாலை என்று எடுத்துக்கொண்டார். சினிமா என்று அவருக்குத் தெரிந்தபோது பந்தக்கால் நட்டாகிவிட்டது.

இரண்டாம் காட்சி முடிந்து நான் வீடு சேர 1.20 ஆகும். வனஜா சுவரோரம் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். அவளை எழுப்பாமல் சாப்பிடுவதற்கு நான் ஒரு முறையே வகுத்திருந்தேன். விளக்குத் திரியை இறக்குவது முதல் வேலை, செம்பில் தண்ணீர் எடுத்து வைப்பது இரண்டாவது. பிறகு சட்டிகளின் மூடியை ஒவ்வொன்றாகத் துணிமேல் வைப்பது. ஜூன் 21 அன்று ரசச்சட்டியின் மூடி கைநழுவி, உருண்டுகொண்டே எதிர்ச்சுவர்வரை போய், அங்கே சுற்றிச் சுற்றி ஆடி அடங்கியது. பிடிக்கப் போன கால் அந்தரத்தில் நிற்க, அது அடங்கும்வரை ஒற்றைக் காலில் நின்றேன். அவள் அசையவில்லை. 'வ. விழிக்கவில்லை' என்று அன்றைக்குக் குறித்திருக்கிறேன். அதில் கொஞ்சம் பெருமையும் தெரிகிறது.

ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவது எங்கள் பக்க வழக்கம். ஆடி ஒன்றாம் தேதி விருந்துக்கு மாப்பிள்ளையும் போக வேண்டும். எனக்கு அன்று காட்சி இருந்தது. இன்னொரு லைசென்ஸ்காரர் வேலூருக்குப் போய்விட்டிருந்தார். லைசென்ஸ் உள்ள ஆள் கேபினில் இல்லாமல் படம் ஓட்டக் கூடாது. மாமனாரே வந்து பெண்ணை அழைத்துப் போனார். ஆடிப் பதினெட்டுக்குக் கட்டாயம் வருகிறேன் என்று அவரிடம் வாக்குக் கொடுத்தேன்.

பையைக் கையில் எடுத்துக்கொண்டு வனஜா சொன்னாள்: "காலைல ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும்தான் எனக்குப் புருசன். மிச்ச நேரமெல்லாம் ஊருக்கு. இதான் எங்க அம்மா கேட்டா நான் சொல்லப்போறது." பிறகு வாசற்படியில் நின்று, "ஆவணி பொறந்தா கூட்டிக்கினு போக வருவீங்களா, இல்ல அதுக்கும் மேனேஜர்கிட்டச் சீட்டு வாங்கணுமா?" என்று கேட்டாள். மாமனார் சிரிக்கவில்லை.

ஆடிப் பதினெட்டு, ஆகஸ்ட் 2 சனிக்கிழமை. படமோ இரண்டு வாரத்துக்குப் பேசியது. ஜூலை 31 வியாழனோடு முடிந்துவிடும். அடுத்த மூன்று நாள் திரைக்கு வெள்ளையடிக்கத் தியேட்டரை மூடுவதாக ஏற்பாடு. சனிக்கிழமை விடுப்புக் கேட்டேன். "தடையில்லை" என்று சீட்டு வந்தது. அந்தச் சீட்டை நாட்குறிப்பின் ஆகஸ்ட் 2 பக்கத்தில் ஒட்டி வைத்தேன்.

இனி படம். சென்னையில் ஒரு குமாஸ்தா, அவன் புது மனைவி. முதல் ரீலில் கல்யாணம். இரண்டாம் ரீலில் மாடிக் குடித்தனம். மூன்றாம் ரீலில் குமாஸ்தா ஆபீஸில் வேலை முடிந்து அகாலத்தில் வீடு வருகிறான், மனைவி தூங்குகிறாள், அவளை எழுப்பாமல் சாப்பிட உட்காருகிறான், மூடி விழுந்து உருளுகிறது, ஒற்றைக் காலில் நிற்கிறான். இது நகைச்சுவையாம். மூடியைத் துணிமேல் வைத்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. நான்காம் ரீலிலிருந்து பதினொன்றுவரை மலைவாசஸ்தலம். மாறி மாறி வழுக்கி விழுகிறார்கள். எடுத்தவர்களுக்குச் சறுக்குப்பாறை ஒன்று கிடைத்திருக்கிறது, அதை விட மனமில்லை. விழுந்ததில் இருவருக்கும் வந்த பிணக்கு பன்னிரண்டில் தீர்கிறது. பதின்மூன்றிலும் பதினான்கிலும் தீர்ந்த பிணக்கு மறுபடி தீர்கிறது.

சென்னை விநியோக அலுவலகம் விளம்பரத்துக்கு ஒரு யோசனை சொல்லி அனுப்பியிருந்தது. புதுமணத் தம்பதிகளுக்குச் சோபா வரிசையில் தினம் பத்து ஜோடிக்கு இலவச இடம், பெண்ணுக்கு ஒரு முழம் மல்லிகை. சோபாவுக்கு உறை தைத்தோம். பூக்காரம்மாவிடம் பத்து முழம் சொல்லி வைத்தோம். முதல் நாள் ஒரு ஜோடிகூட வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. ஆடியில் இந்த ஊரில் புதுப்பெண் ஏது? மாப்பிள்ளைகள் மட்டும் இரண்டு பேர் தனித்தனியாக வந்து, பாதி இலவசம் உண்டா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் ஒரு ஜோடி வந்தது. கணவருக்கு மீசை நரைத்திருந்தது. வாசலில் டிக்கெட் கிழிப்பவர் தடுத்தார்.

"பெரியவரே, இது புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு."

"ஆனவங்கதான். இருவத்திமூணு வருசம் ஆவுது. எனக்கு இன்னும் புதுசாத்தான் இருக்குது."

"எனக்கு இல்லப்பா," என்றார் அந்த அம்மாள். "ஆனா பூவைக் குடு."

விஷயம் மேனேஜரிடம் போயிற்று. அவர் விளம்பர நோட்டீஸை முழுவதும் ஒரு முறை படித்தார். சீட்டில் எழுதினார்: "எத்தனை ஆண்டுக்குள் என்று நோட்டீஸில் இல்லை. அனுமதிக்கவும்."

இதோடு நின்றிருந்தால் படம் தன் போக்கில் இரண்டு வாரம் ஓடிப் பெட்டிக்குள் போயிருக்கும். ஆனால் சென்னையிலிருந்து ஒரு கட்டு ரோஸ் நிறக் கார்டும் வந்திருந்தது. டைரக்டர் ஊர் ஊராகப் படத்தின் வரவேற்பை அறிந்து, தொய்வான இடங்களைக் குறைக்கப் போகிறாராம். கார்டில் மூன்று பத்திகள்: ரீல் எண், சிரித்தவர்கள், சிரிப்பு நீடித்த நேரம். காட்சிக்கு ஒரு கார்டு. எந்த நேரத்தில் எந்த ரீல் என்று ஆபரேட்டருக்குத்தான் தெரியும் என்பதால் வேலை என்னிடம் வந்தது. "உங்கள் கைக்கடிகாரமும் நாட்குறிப்பும் நான் அறிவேன்" என்று சீட்டில் எழுதியிருந்தார் நாதமுனி. அது பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கேபினில் இரண்டு இயந்திரங்களுக்கும் தலா ஒரு துவாரம், ஆபரேட்டர் எட்டிப் பார்க்க இன்னொன்று. அந்த மூன்றாம் துவாரத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி தோன்றும்; அப்போது அடுத்த இயந்திரத்தை ஓடவிட வேண்டும். ஏழு வினாடியில் இரண்டாம் புள்ளி. அப்போது மாற்ற வேண்டும். அதற்கு நடுவில் சிரிப்பையும் அளந்தேன். முதல் நாள் கார்டுகளில் பதினான்கு கோடுகள். இரண்டாம் நாள் ஆறாம் ரீலில் 'இருவர், 3 வினாடி' என்று இருக்கிறது. பெஞ்சு வகுப்பில் நாய் புகுந்ததற்கு. ஆனால் காரணத்துக்குப் பத்தி இல்லை, எழுதவில்லை.

மூன்றாம் நாள், ஞாயிறு முதல் காட்சியில், பன்னிரண்டாம் ரீலில் தியேட்டர் அதிர்ந்தது.

அந்தக் காட்சி இப்படி. குமாஸ்தா ஒரு அட்டைப்பெட்டியோடு வருகிறான். மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பெட்டியைத் திறந்து சேலையை உதறி விரித்து, "காஞ்சிபுரம் அசல் பட்டு. என் ஒரு மாதச் சம்பளம்!" என்று குரல் நடுங்கச் சொல்கிறான். வயலின் ஒலிக்கிறது. அவள் சேலையைக் கன்னத்தில் வைத்து அழுகிறாள். நான்கு நிமிஷம். படத்திலேயே அழ வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் கன்னியப்பன் அன்று பெஞ்சில் இருந்தார். அவர் குரல் கேபின்வரை வந்தது.

"இன்னாது? காஞ்சிபுரமா? டேய், அது பட்டா? பாயைச் சுருட்டற மாதிரி மடிப்பு நிக்கிது பாரு!"

"கன்னியப்பா, உள்பக்கத்தப் பாருய்யா! நூலு தொங்குது!"

"கரையைப் பாரு, இப்ப ஒரு சாண் இருந்துச்சு, அவ கைக்குப் போனதும் நாலு விரக்கடை ஆயிடிச்சு! வழியில எலி தின்னுட்டுதா?"

திரையில் அந்தப் பெண் அழ அழ, "அழாதம்மா, கடைக்காரன் ஏமாத்திட்டான், நீ இன்னா பண்ணுவ!" என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். "முந்தானையில தொடைக்காம, இடுப்புல செருகற உள்முந்தியில தொடைக்கிதுபா!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். வயலின் யாருக்கும் கேட்கவில்லை. கறுப்பு வெள்ளைப் படம், நிறம் தெரியாது. எனக்கு அதில் சேலை என்பதற்குமேல் ஒன்றும் தெரிந்ததில்லை. அவர்களுக்கு அந்தத் துணி விழுகிற விதத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

கடிகாரத்தைப் பார்த்துக் கார்டில் எழுதினேன்: ரீல் 12, அனைவரும், 4 நிமிடம் 10 வினாடி.

திங்களன்று கன்னியப்பன் தம்பிகளை அழைத்து வந்தார். செவ்வாயன்று மைத்துனர் வீட்டாரை. அந்த வார முடிவில் நெசவுத் தெருக்களில் பாதிப்பேர் 'சேலைப் படம்' பார்த்துவிட்டார்கள். பதினொரு ரீலை ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டு கழித்துவிட்டு, பன்னிரண்டு வந்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒவ்வொரு காட்சியிலும் புதிதாக ஒரு குற்றம் கண்டுபிடிப்பார்கள். அந்த வாரம் நிலவில் மனிதன் இறங்கினான். எங்கள் தியேட்டரில் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் ஒழுங்காகக் கார்டை நிரப்பித் தபாலில் சேர்த்தேன். 4 நிமிடம் 40 வினாடி. 5 நிமிடம். 5 நிமிடம் 20 வினாடி.

ஜூலை 28, திங்கட்கிழமை சென்னையிலிருந்து தந்தி வந்தது. காஞ்சிபுரம் வரவேற்பு பிரமாதம். மூன்றாம் வாரம் தொடரவும். சனிக்கிழமை மாட்டினிக்கு டைரக்டர் நேரில் வருகிறார். சிரிப்பைக் காண விரும்புகிறார்.

அதோடு ஒரு சீட்டு: "வருந்துகிறேன். ஆகஸ்ட் 2 விடுப்பு இயலாது."

மறுநாள் மாமனாருக்குக் கடிதம் எழுதினேன். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். சிரிப்பைக் காண ஒருவர் வருவதால் ஆடிப்பெருக்குக்கு வர இயலவில்லை என்பதை எப்படி எழுதினாலும் ஒழுங்காக வரவில்லை. 'வேலை நிமித்தம்' என்று எழுதிப் போட்டேன். ஆடி ஒன்றுக்கும் போகவில்லை. பதினெட்டுக்கும் போகாவிட்டால் ஆவணியில் எந்த முகத்தோடு போய்ப் பெண்ணை அனுப்புங்கள் என்று கேட்பது?

புதன்கிழமை, ஜூலை 30. பகல் இரண்டு மணிக்குக் கேபின் கதவைத் தாழிட்டேன். பன்னிரண்டாம் ரீலை மேசையில் மாட்டி, அட்டைப்பெட்டி வருகிற இடத்தில் ஒரு வெட்டு, அவள் கண்ணைத் துடைத்து முடிக்கிற இடத்தில் ஒரு வெட்டு. முந்நூற்று எழுபது அடி. அதைத் தனியே சுருட்டி டப்பாவில் வைத்தேன். மிச்சமிருந்த இரண்டு முனைகளில் ஒன்றின் மருந்துப் பூச்சைப் பிளேடால் சுரண்டி, பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பத்து எண்ணும்வரை அழுத்தினேன். நல்ல ஒட்டு. இயந்திரத்தில் ஓடியபோது சத்தம்கூட வரவில்லை. சேலை இல்லாவிட்டால் சிரிப்பில்லை, சிரிப்பில்லாவிட்டால் டைரக்டர் இல்லை என்பது என் கணக்கு. கூட்டத்தை அதில் சேர்க்க மறந்துவிட்டேன்.

அன்று முதல் காட்சியில் குமாஸ்தா படியேறினான். அடுத்த கணம் மனைவி சிரித்தபடி காபி கொடுத்தாள். மூன்றாம் வினாடியில் கன்னியப்பன் பெஞ்சின்மேல் ஏறி நின்றார்.

"ஆபரேட்டரே! சேலை எங்க?"

"சேலையப் போடு! சேலையப் போடு!"

"பொண்டாட்டிக்குக் குடுத்துட்டியாப்பா?"

"குடுத்திருந்தா அவ இன்னேரம் திருப்பி அனுப்பியிருப்பா!"

விசில், பெஞ்சுத் தட்டல். விளக்கைப் போடும்படி ஆயிற்று. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மேனேஜர் கேபினுக்கு வந்தது அதுவே முதல் தடவை. கைக்கடிகாரம் கையில் இல்லை.

"ஐயா," என்றார். "பன்னிரண்டாம் ரீலில் ஒரு சேலை காணவில்லை என்று பொதுமக்கள் கருதுகிறார்கள்."

டப்பாவை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் திறக்கவில்லை. "சேர்க்க எவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டார். பதினொரு நிமிஷம் என்றேன். கீழே போய், பதினொரு நிமிஷம் என்று பொதுமக்களுக்கு அறிவித்தார். பதினொரு நிமிஷத்தில் சேர்த்தேன். அன்றைய சிரிப்பு 7 நிமிடம். சேலை போன பிறகும் மூன்று நிமிஷம் சிரித்தார்கள்.

மறுநாள் காலை அவர் அறைக்குப் போனேன். என் கார்டுகளுக்கெல்லாம் அவர் நகல் வைத்திருந்தார். வரிசையாக மேசையில் பரப்பியிருந்தது. ஆடிப் பதினெட்டைப் பற்றிச் சொன்னேன். முடிக்கும்வரை கேட்டார்.

"கார்டுகள் எல்லாம் உண்மைதானே, ஐயா?"

"ஒரு வினாடிகூடப் பிசகில்லை சார்."

"படிக்கிறவர் என்ன புரிந்துகொள்வார்?"

கார்டுகளை ஒரு முறை பார்த்துவிட்டு அவரே சொன்னார்.

"காஞ்சிபுரத்தில் படம் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிறது என்று. எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எழுதவில்லையே."

"அதுக்குப் பத்தி இல்லையே சார்."

நாதமுனி ஒரு கார்டை எடுத்து, மெதுவாகத் திருப்பி வைத்தார். "பின்பக்கம் காலியாக இருக்கிறது, ஐயா."

அதுவரை இருபத்தைந்து கார்டுகளாவது அனுப்பியிருந்தேன். ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

பிள்ளையார்பாளையம் போய்க் கன்னியப்பனைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். தறியை விட்டு எழாமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். "எழுதிக்கோ. மடிப்பு நிக்கிற விதம், இது பட்டில்ல. உள்பக்கம் நூலு தொங்கறது, இந்த ஊரு நெசவில்ல. கரை ரெண்டு அளவு, அப்படின்னா சேலையே ரெண்டு. அப்புறம், புதுச்சேலையில எவளும் கண்ணத் தொடைக்க மாட்டா. அத மொதல்ல எழுது." கார்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நான்கையும் எழுதி, 'பொதுமக்கள் சிரிப்பது சேலையைப் பார்த்து, கதையைப் பார்த்து அல்ல' என்று முடித்துத் தபாலில் சேர்த்தேன். அது போய்ச் சேர்ந்து, ஒருவர் திருப்பிப் பார்த்து, டைரக்டருக்குச் சொல்ல வேண்டும். இடையில் ஒரே நாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி மாலை 6.05க்கு வாசலில் மாமனார் நின்றிருந்தார். பக்கத்தில் வனஜா, கையில் ஒரு தூக்கு.

"இன்னா மாப்ள, வேலை நிமித்தமா?" கடிதம் அவர் கையில் இருந்தது.

"மாமா, டைரக்டரு நாளைக்கு..."

"யாரு வந்தா இன்னா? ஆத்துக்குப் போயி படையல் போட வூட்டு மாப்பிள்ள வரலியான்னு ஊரே கேக்குது. இந்தப் பொண்ணு காலைல ரெண்டு மணி நேரம் புருசனப் பாக்குதாம், நீ பொழுது விடியற நேரத்துக்கு வந்து படுக்கிறியாம். சரி, அப்படி இன்னாதான் படம்னு பாக்கறேன். பாத்துட்டுச் சொல்றேன் இவள ஆவணியில அனுப்பறனா, இல்லியான்னு."

வனஜா என்னைப் பார்க்கவில்லை. தூக்கை என் கையில் கொடுத்தாள். "புளிச்சோறு. ஆறிப்போவும், சீக்கிரம் துன்னுங்க" என்றாள். சோபா வரிசைக்குப் போகச் சொன்னேன். மாமனார் மறுத்துவிட்டார். அவர் ஆண்கள் பக்கம், அவள் பெண்கள் பக்கம்.

6.30க்கு மணி அடித்தது. ரீல் ஒன்று, கோடு. ரீல் இரண்டு, கோடு. தூக்கைத் திறக்க மனம் வரவில்லை. மாமனாரின் தலைப்பாகை தெரிகிற இடத்தைத் துவாரத்தின் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவே இல்லை. இந்தப் படத்தை வைத்து என் குடித்தனத்தை எடை போடப் போகிறார்.

ரீல் மூன்று. குமாஸ்தா கதவை மெல்லத் திறந்தான். விளக்கைக் குறைத்தான். சட்டியைத் தொட்டான். மூடி விழுந்தது, உருண்டது. ஒற்றைக் காலில் நின்றான். பதினைந்து நாளாக யாரும் சிரிக்காத இடம். தியேட்டரில் வெற்றிலை மெல்லுகிற சத்தம் மட்டும்தான்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்து, அடக்க முடியாமல் வெடித்த சிரிப்பு. பக்கத்திலிருந்தவர்கள், "இன்னாமா, எதுக்கு சிரிக்கிற?" என்று கேட்டார்கள்.

கை தானாகக் கடிகாரத்துக்குப் போயிற்று. ஐந்து வினாடி என்று குறித்த பிறகுதான் யார் என்று உறைத்தது. யார் என்று உறைத்த பிறகு, எதற்கு என்றும் உறைத்தது. ஜூன் 21 அன்று வனஜா விழித்திருந்தாள். அன்று மட்டும் எதற்கு, எல்லா இரவும் விழித்திருந்திருப்பாள். விளக்கைக் குறைப்பதையும் செம்பு எடுப்பதையும் மூடிகளைத் துணிமேல் அடுக்குவதையும், நான் வகுத்த முறை முழுவதையும், கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். முதல் புள்ளி வந்துபோனதை நான் கவனிக்கவில்லை. இரண்டாம் புள்ளிக்குத்தான் அடுத்த இயந்திரத்தை ஓடவிட்டேன். திரை சில வினாடி வெளுத்தது. சர்வீஸில் அப்படி நடந்தது அன்று ஒரு நாள்தான்.

பன்னிரண்டாம் ரீலில் வழக்கமான ஆரவாரம் எழும்போது கதவிடுக்கில் சீட்டு வந்தது. "இப்போது தந்தி. டைரக்டர் வரவில்லை. படம் இன்றோடு நிறுத்தம், பெட்டியை அனுப்பச் சொல்கிறார்கள். கார்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். நாளை விடுப்பு. திரை வெளுத்தது கவனத்துக்கு."

படம் விட்டதும் கீழே ஓடினேன். அடுத்த காட்சிக்கு அரை மணி இருந்தது. மாகறல் கடைசி பஸ்ஸுக்கு இருபது நிமிஷம். மாமனார் வேப்பமரத்தடியில் துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

"இன்னா மாப்ள இது? ஒரு நல்ல படத்துக்காக நீ வரலன்னாலும் மனசு ஆறும். வழுக்கி விழறான், வழுக்கி விழறான், விடியற வரைக்கும் விழறான். இத ஓட்டறதுக்கா?"

"நாளைக்கு வரேன் மாமா. படத்த நிறுத்திட்டாங்க."

"நிறுத்தட்டும். நான் சொன்னது சொன்னதுதான். பொண்ணக் கேட்டுத்தான்..." என்று அவர் வனஜாவைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது.

"இன்னாடி?"

"ஒண்ணுமில்லப்பா." பிறகு என்னைப் பார்த்து, அப்பாவுக்குக் கேட்காத குரலில், "ஒத்தக் கால்ல எவ்ளோ நேரம்தான் நிப்பீங்க? எனக்கு அன்னிக்கு மூச்சே நின்னுடிச்சு" என்றாள்.

"எழுந்திருக்கலாமில்ல?"

"எழுந்தா நீங்க வெக்கப்படுவீங்களேன்னு படுத்துக்கினு இருந்தேன்."

மாமனார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பஸ் ஹாரன் அடித்தது. "சரி, நாளைக்கு வரும்போது வெறுங்கையோட வராத. படையலுக்குப் பூவாவது வாங்கிக்கினு வா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். சோபா வரிசைக்காகச் சொல்லி வைத்திருந்த பூ அன்றும் பத்து முழம் மிஞ்சியிருந்தது.

இரண்டாம் காட்சி முடிந்து, பதினான்கு ரீலையும் பெட்டியில் அடுக்கி, கம்பி கட்டி, வீடு போய்ப் புளிச்சோற்றைச் சாப்பிட்டேன். மூடியைத் தரையிலேயே வைத்தேன்.

மறுநாள், ஆகஸ்ட் 2, சனிக்கிழமை, ஆடி 18. காலை 4.50க்கு எழுந்தேன். முதல் வேலையாக, முந்தைய நாள் முதல் காட்சிக்கான கார்டை எடுத்து நிரப்பி முடித்தேன். ரீல் 3: ஒருவர், பெண், 5 வினாடி. பின்பக்கம் திருப்பி, 'சிரித்தது கதையைப் பார்த்து. காட்சி உண்மை. இந்த இடத்தைக் குறைக்க வேண்டாம்' என்று எழுதினேன். அந்த டைரக்டருக்குக் காஞ்சிபுரத்திலிருந்து போன நல்ல செய்தி அது ஒன்றுதான். பூப்பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, பஸ் நிலையத்துத் தபால் பெட்டியில் கார்டைப் போட்டுவிட்டு, 5.40 மாகறல் பஸ்ஸில் ஏறினேன்.